என் மனைவிக்குக் கற்பூரம் தேவைப்படவில்லை

என் ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒரு சிலுவை தொங்குகிறது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்ததும் அதைப் பார்த்துவிட்டு, "நீங்க கிறிஸ்டினாங்க?" என்று கேட்பார்கள். "என் வீட்டுக்காரி முழுசா கிறிஸ்டின், நான் அவளுக்குத் துணைக்கு" என்பேன். சிரிப்பார்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. கண்ணாடியில் சிலுவையைத் தொங்கவிட யாராலும் முடியும். அவள் எப்படி நடந்துகொள்கிறாள் என்று யாராவது கேட்டால்தான் எனக்கு வாய் நிற்காது.

வேங்கிக்காலைத் தாண்டி, புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கிற பக்கத்தில் எங்கள் ஊர். என் மனைவி அங்கே பால் சொசைட்டியில் வேலை செய்கிறாள். காலையில் வரிசையாக வருகிற ஒவ்வொரு கேனிலும் பாலின் தரம் காட்டுகிற மீட்டரை விட்டுப் பார்ப்பாள். தண்ணீர் கலந்திருந்தால், "இன்னிக்கு எடுக்க முடியாதுங்க" என்று மெதுவாகச் சொல்லித் திருப்பிவிடுவாள். அதை வெளியே போய்ப் பேசவும் மாட்டாள். மாரியம்மன் கோயில் பூசாரியின் பாலை ஒருநாள் அப்படித் திருப்பினாள். அவர் ஊரே கேட்க ஏசிவிட்டுப் போனார். என் அண்ணன் வீட்டுப் பாலையும் திருப்பியிருக்கிறாள். அதற்காக அண்ணி பல மாதம் எங்களோடு பேசவில்லை.

"சொந்தக்காரங்களுக்காச்சும் கொஞ்சம் பாத்துப் பண்ணக் கூடாதா?" என்று கேட்டேன்.

"மீட்டருக்குச் சொந்தக்காரங்கள தெரியாதே" என்றாள். சண்டையில் ஒரு தடவைகூட என்னை ஜெயிக்க விட்டதில்லை.

என் அண்ணன் வேறு ரகம். சர்ச்சில் முதல் பெஞ்சு அவருடையது. கறுப்பு அட்டை போட்ட வேதப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் நடந்து வந்தால் போதகரே வழிவிட்டு நிற்பார்.

அண்ணன் பங்கு நிலத்தின் ஓரமாக ஒரு வண்டிப் பாதை உண்டு. பின்னால் இருக்கிற நிலத்துக்காரம்மா அதன் வழியாகத்தான் போய்வருவார். புருஷன் இல்லாதவர். அந்த நிலத்தை விட்டால் அவருக்கு வேறு கதியில்லை. போன வருஷம் மனை போடுகிறவர்கள் அண்ணனிடம் வந்து, பாதை இல்லாமல் இருந்தால் விலை ஜாஸ்தி என்று ஆசை காட்டினார்கள். உடனே அண்ணன் பாதையை மறித்துக் கல் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார். அந்தம்மா வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கிப் போட்டிருந்த நேரம் அது. டிராக்டர் உள்ளே போக வழியில்லை, வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. எழுத்தில் ஆதாரம் இல்லாத வழக்குக்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அந்தம்மா தயங்காமல் அணைத்தார். "இவங்கப்பா சாகறதுக்கு முன்னாடி, பாதை என்னிக்கும் உங்களுதுன்னு எங்கிட்ட சொன்னாருங்க. மல்லாட்டை எல்லாம் மழையில போயிடும்" என்று அழுதார்.

அடுத்து அண்ணன். "நாங்க கற்பூரம் அணைக்கிறவங்க இல்ல" என்று சொல்லி, வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்தார். "எங்கப்பா அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்ல." குரலில் நடுக்கமே இல்லை.

அப்பா சாகக் கிடந்த சமயம் நான் வெளியூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. படுக்கையில் கிடந்த அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் என் மனைவி. "அன்னிக்கு இந்தப் பொண்ணும் பக்கத்துல இருந்துச்சு" என்று அந்தம்மா அவளைக் கை காட்டினார். அண்ணன் அவளை முறைத்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள்.

"மாமனாரு சொன்னாருங்க. நான் கேட்டேன். பாதை அவங்களுதுதான்."

"அப்ப நீயும் அந்தப் புத்தகத்து மேல கை வெச்சுச் சொல்லிடும்மா" என்றார் ஒரு பெரியவர்.

"சத்தியம் பண்ண மாட்டேங்க. நான் கும்புடுற சாமிக்கு அது பிடிக்காது. சத்தியமே பண்ணாதீங்கன்னு அந்தப் புத்தகத்துலயே போட்டிருக்குது. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அவ்ளோதாங்க."

அண்ணனுக்கு அதுவே போதுமாக இருந்தது. "பாத்துக்குங்க, சொல்றது பொய்யி. அதான் கை வெக்க பயப்படுறா" என்று சிரித்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நிலத்துக்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போது பூசாரி எழுந்தார். தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன்.

"எம் பால்ல தண்ணின்னு இந்தப் பொண்ணு திருப்பி அனுப்புச்சு. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஆனா தண்ணி ஊத்துனது நெஜம். மறுநாளு நல்ல பால் கொண்டாந்தேன். எதையும் மனசுல வெச்சுக்காம, நல்லா இருக்குதுங்கன்னு எடுத்துக்கிச்சு. சொந்த மச்சாண்டாரு பாலையே திருப்புன பொண்ணு இது. இது சொன்னா சொன்னதுதான். கற்பூரமும் வேணாம், புத்தகமும் வேணாம்."

சொல்லிவிட்டுக் கற்பூரப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். அம்மன் வாசலில் அம்மனுடைய பூசாரியே என் மனைவியின் வெறும் வார்த்தையை ஏற்றுக்கொண்டார். இந்த ஜென்மத்தில் இதைவிடப் பெரிய பெருமை எனக்கு வேண்டாம். மழைக்கு முன்னால் டிராக்டர் உள்ளே போய்விட்டது. கம்பியைப் பிடுங்க முதலில் போனவன் நான்தான்.

மறுநாள் காலை அவளைச் சொசைட்டியில் இறக்கிவிட்டு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணனே கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். வழக்கமாகப் பால் கொண்டுவருகிற அண்ணி வரமாட்டேன் என்றிருப்பார். என் மனைவி எல்லோருக்கும் செய்வதுபோலவே மீட்டரை விட்டாள், குனிந்து பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்க மாமா" என்று எடுத்துக்கொண்டாள்.

அண்ணன் காலிக் கேனோடு அங்கேயே நின்றார். கக்கத்தில் அன்று புத்தகம் இல்லை.

"அப்பா சொன்னது எனக்கும் தெரியும்மா" என்றார்.

"தெரியுங்க மாமா" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த கேனில் மீட்டரை விட்டாள்.