பன்னிரண்டு பேரும் வந்தாச்சு

என் வீட்டில் ஐந்து சைக்கிள்கள் இருக்கின்றன. வீடு என்றால் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில், ஒன்பதாவது மாடியில், இரண்டு அறைகள். குடியிருப்பது நான் ஒருத்திதான். குழாய் பழுதுபார்க்க வந்த ஆள் வாசலிலேயே நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, "வீட்டுல எத்தன பேருக்கா?" என்று கேட்டார். ஒருத்தி என்றேன். மறுபடியும் சைக்கிள்களைப் பார்த்தார். "கடை வச்சிருக்கீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் குழாயை விட்டுவிட்டு என்னைப் பழுதுபார்க்க ஆரம்பித்திருப்பார்.

வேலைக்குப் போக மடிக்கிற சைக்கிள் ஒன்று, கதவுக்குப் பின்னால். வேகமாக ஓட்ட மெல்லிய டயர் போட்டது ஒன்று, சுவரில் கொக்கியில். மலைப்பாதைக்குத் தடித்த டயர் போட்டது படுக்கையறையில்; எத்தனை முறை கழுவினாலும் மண் வாசனை போகாது. நெடுந்தூரத்துக்கு ஒன்று, சோபா இருக்க வேண்டிய இடத்தில். பசாருக்குப் போகிற கூடை வைத்த சைக்கிள் மட்டும் வெளியே நடைபாதையில் நிற்கும். அதை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

ஒரு உடம்புக்கு எதற்கு ஐந்து சைக்கிள் என்று ஜொகூரிலிருக்கும் என் தம்பி ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பான். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை என்பேன். அது பாதி உண்மை. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வகைக்கு ஒரு கூட்டமாகத்தான் இருப்பார்கள். மெல்லிய டயர்காரர்கள் தடித்த டயர்காரர்களோடு சேர மாட்டார்கள். மடிக்கிற சைக்கிள்காரர்களை இரண்டு பேருமே மதிப்பதில்லை. எந்தக் கூட்டத்தில் சேரவேண்டுமோ அந்தச் சைக்கிளை வாங்க வேண்டும். அம்மா போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. சைக்கிளோடு கூடவே கொஞ்சம் மனிதர்களும் வருவார்கள் என்று நம்பித்தான் ஒவ்வொன்றாக வாங்கினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் மீதிப் பாதி.

நான் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணி, சரக்கை எண்ணிக் கணக்கெழுதுகிற வேலை. ஃபெரியில் மடிக்கிற சைக்கிளோடு தினமும் மூன்று பேர் நின்றிருப்பதைப் பார்த்துத்தான் நானும் ஒன்று வாங்கினேன். எட்டு மாதம் நான்கு பேராகப் போய் வந்தோம். பிறகு ஒருவர் சிம்பாங் அம்பாட்டில் வீடு வாங்கிப் போனார், ஒருவர் கார் வாங்கினார், ஒருவர் ஏன் வரவில்லை என்றே தெரியவில்லை. மெல்லிய டயர் கூட்டத்தில் எல்லாரும் இருபது வயதுப் பிள்ளைகள். பத்து மாவ் என்கிற ஊரில் வழக்கமான கடையில் அவர்கள் தேநீர் குடித்து முடித்து ஹெல்மெட்டை மாட்டும்போதுதான் நான் போய்ச் சேருவேன். "மெதுவா வாங்கக்கா, அவசரம் இல்ல" என்று அன்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தடித்த டயரை ஒரு கணவன் மனைவியை நம்பி வாங்கினேன். அவர்களுக்குக் குழந்தை பிறந்தது. நல்ல விஷயம்தான். எனக்கு ஒரு சைக்கிள் மிஞ்சியது.

நெடுந்தூரக் கூட்டம்தான் நிலைத்தது. என்னையும் சேர்த்துப் பதின்மூன்று பேர், ஏறக்குறைய எல்லாரும் நம் ஆட்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பாலிக் பூலாவ் வழியாக மலையேறி, தெலுக் பஹாங்கில் இறங்கி, ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், சாப்பிட்டுவிட்டுக் கடலோரமாகத் திரும்புவோம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் முன்னால் போவார். எல்லாருக்கும் அவர் அண்ணன். கடைசியில் வருகிறவரை எங்கள் கூட்டத்தில் 'வால்' என்போம். வாலுக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது, அதுதான் சட்டம். யாருக்காவது டயர் போனால் வால் கூடவே நிற்க வேண்டும். கடைக்கு வந்ததும் தலைகளை எண்ணிச் சொல்ல வேண்டும். வால் எண்ணிச் சொல்லும்வரை யாரும் சாப்பாடு சொல்லக்கூடாது.

சேர்ந்த மூன்றாவது வாரமே வால் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எண்ணுவது என் தொழில். அதைவிட, கடைசியாக வருவதற்கு ஒரு மரியாதையான பெயர் கிடைத்தது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பன்னிரண்டு பேர் பசியோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் வந்து இறங்கி, ஒரு சுற்றுப் பார்த்து, "பன்னெண்டு" என்பேன். உடனே கடையே கலகலவென்று ஆகிவிடும். எனக்காக ஒரு கூட்டம் காத்திருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு இடத்தில்தான். அதற்காகவே நான் வாரம் முழுவதும் பெட்டிகளை எண்ணிக்கொண்டு பொறுமையாக இருந்தேன். மூன்று வருஷம் பன்னிரண்டு, பன்னிரண்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டோரில் சரக்கை எண்ணுகிறவள் தன்னைச் சேர்த்து எண்ணுவதில்லையே, அந்தப் பழக்கம்.

போன மாதம் முதல் சவாரியில், மலை ஏற்றத்தின் பாதியில், என் செயின் அறுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. முன்னால் போனவர் வளைவில் திரும்பி மறைந்துவிட்டார். கூப்பிட்டேன், கேட்கவில்லை. அந்த இடத்தில் போனில் சிக்னலும் கிடையாது. பயப்படவில்லை. கடைக்குப் போனதும் என்னைக் காணோம் என்று தேடுவார்கள், யாராவது திரும்பி வருவார்கள், அண்ணன் கட்டாயம் வருவார் என்று நினைத்துக்கொண்டே தள்ளினேன். வந்தால் என்ன கிண்டல் செய்வார் என்றுகூட யோசித்து, அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். ஏற்றம் முடியும்வரை யாரும் வரவில்லை. இறக்கத்தில் செயின் இல்லாமலே உருண்டேன். அணைக்கட்டைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது.

கடையில் எங்கள் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க ஆளுங்க இப்பத்தான் போனாங்கக்கா. மழ வருதுன்னு சீக்கிரமே கெளம்பிட்டாங்க" என்றார் கடைக்காரர்.

"என்னத் தேடலயா?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "அந்த வாத்தியார் அண்ணன்தான் எண்ணுனாரு. பன்னெண்டு, சரியா இருக்கு, ஆர்டர் பண்ணுங்கன்னாரு. என் காதால கேட்டேன்."

ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் தப்பாக எண்ணவில்லை. கணக்கு சரிதான். அந்தப் பன்னிரண்டை அவர்களுக்கு மூன்று வருஷமாகச் சொல்லிப் பழக்கியதே நான்தான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அழுகை வந்தது. துடைத்துக்கொள்ள அவசியமில்லை, முகம் முழுக்க மழைத் தண்ணீர்.

யாரையாவது கூப்பிடலாம் என்று போனை எடுத்து, பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். யார் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் என்னை எதிர்பார்க்கவில்லை. மடிக்கிற சைக்கிளாக இருந்தால் பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம். ஐந்து வைத்திருந்தும் அன்றைக்குத் தேவையானது கதவுக்குப் பின்னால் சுகமாக இருந்தது. கடைசியில் கடைக்காரரே ஜெலுத்தோங் பக்கம் போகிற ஒரு காய்கறி லாரியைப் பிடித்துக் கொடுத்தார்.

லாரியில் வரும்போது வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல்கள் வர ஆரம்பித்தன. வீடு போய்ச் சேர்ந்தவர்கள் கட்டைவிரல் போடவேண்டும், வால் எண்ணிப் பார்த்து முடித்து வைக்கவேண்டும். அதுவும் சட்டம். ஒன்று, மூன்று, ஏழு. பன்னிரண்டாவது வந்தபோது நான் இன்னும் லாரியில்தான் இருந்தேன். நான் வரவில்லை என்று எழுதியிருக்கலாம். எழுதினால் பன்னிரண்டு பேரும் பதறியிருப்பார்கள், மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். கேட்டு வாங்குகிற அக்கறை எனக்கு வேண்டாம் என்று வீம்பு. "பன்னிரண்டு பேரும் வந்தாச்சு" என்று எழுதினேன். "நன்றி தங்கச்சி, ரெஸ்ட் எடுங்க" என்று அண்ணன் போட்டார்.

அடுத்த சவாரிக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். பிறகு புதுச் செயின் மாட்டினேன். பிறகு மறுபடியும் போவதில்லை என்று முடிவு செய்தேன். சவாரி நாள் காலையில் ஐந்து சைக்கிள்களுக்கும் நடுவில் நின்றபோது, போகாவிட்டால் கேட்பதற்கு ஒருவரும் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. எண்ணிச் சொல்கிற ஆள் நான்தானே. கிளம்பிவிட்டேன்.

தெலுக் பஹாங் கடை. பன்னிரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி, ஒரு சுற்றுப் பார்த்தேன்.

"பதிமூணு" என்றேன்.

அண்ணன் விரலை நீட்டி எண்ணினார். "பன்னெண்டுதானே தங்கச்சி?"

"நானும் வந்திருக்கேன்லண்ணே."

எல்லாரும் சிரித்தார்கள். "நீங்கதான் எப்பவும் இருக்கீங்களே, ஒங்கள என்னத்துக்கு எண்ணுறது?" என்றார் அண்ணன். சொன்னது அன்பாகத்தான்.

"அதானே. போன தடவகூட அக்கா என் பக்கத்துலதான் ஒக்காந்து ரொட்டி சாப்ட்டாங்க" என்றாள் கூட்டத்தில் இளையவளான நர்ஸ். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் அவளுக்கு நினைவிருந்தது.

அப்போது கடைக்காரர் என் முன்னால் ஒரு தே தாரிக்கை வைத்தார். நான் கேட்கவே இல்லை. "செயின் மாத்திட்டீங்களாக்கா? அன்னிக்கு அந்த லாரிக்காரரு வீடு வரைக்கும் விட்டாரா, இல்ல பசார்லயே எறக்கிட்டாரா?"

"வீடு வரைக்கும் விட்டாரு" என்றேன்.

"எந்த லாரி?" என்றார் அண்ணன். அவர் நர்ஸைப் பார்த்தார். அவள் தன் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், போன தடவை நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லக்கூடிய ஒரு ஆளைத் தேடி.

நான் தேநீரைக் குடித்தேன். அன்றைக்கு வெகுநேரம் யாரும் சாப்பாடு சொல்லவில்லை.