சூசையப்பர் படகோட்டிய கிறிஸ்துமஸ்

நாங்கள் வாடகைக்கு எடுத்துப் படித்த கதைப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் கருவாட்டு வாசனை அடிக்கும். கல்மண்டபத்திலிருந்த அந்த வாடகைப் புத்தகக் கடைக்கும் பக்கத்துக் கருவாட்டுக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு தட்டிதான் என்பதால், கொள்ளைக்காரன் புதையலைத் தோண்டினாலும் மாலுமி புயலில் மாட்டிக்கொண்டாலும் பக்கத்துக்குப் பக்கம் நெத்திலிதான். எனக்கும் அருள் அண்ணனுக்கும் அது கடலின் வாசனையாகவே பட்டதால் ஒரு குறையும் தெரியவில்லை. ராயபுரத்தில் கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு, கடலைப் பற்றிப் புத்தகத்தில் படித்து வாயைப் பிளந்த பிள்ளைகள் நாங்களாகத்தான் இருப்போம்.

அது அறுபதுகளின் கடைசி. அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் ‘லைன் வூட்டில்’ பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு சாப்பாட்டு மேஜை நின்றது. ரயில்வேயில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வெளிநாட்டுக்குக் குடிபோனபோது அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. நாங்கள் என்னவோ தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். மேஜைமேல் துணி மடிப்போம், அண்ணன் அதற்கு அடியில் படுத்துக் கதை படிப்பான், விருந்தாளி வந்தால் மட்டும் அதற்கு ஒரு மரியாதை வரும்.

அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் வரவிருந்த விருந்தாளி பீட்டர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. சரக்குக் கப்பலில் வேலை. வருடக்கணக்கில் முகத்தைப் பார்க்க முடியாது. கோயிலிலும் குழாயடியிலும் “என் தம்பி கப்பல்ல கீறான்” என்று அம்மா சொல்லாத நாளே கிடையாது. ஆனால் இந்த முறை அவரைத் திரும்பப் போகவிடுவதில்லை என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். துறைமுகத்துப் பட்டறை ஒன்றில் அப்பா வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். மாமா தலையாட்டினால் போதும். “அவன் சாப்ட்டு முடிக்கிற வரிக்கும் கப்பல் பேச்சே எடுத்துடாதீங்க. வயிறு நெறஞ்சதும் நான் கேட்டுக்கறேன்” என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். எங்களிடம் சொல்லவில்லை.

அதனால் அம்மா மீன் வாங்கக் காசிமேடு போயிருந்த நேரத்தில், மாமாவைக் குஷிப்படுத்துவதாக நினைத்து, நாங்கள் படித்த தீவுக் கதைகளையெல்லாம் சேர்த்து மேஜையையே கடலாக்கிவிட்டோம். அம்மாவின் நீல நைலக்ஸ் புடவையை விரித்து, ஓரமெல்லாம் கல்லுப்பைத் தூவி நுரையாக்கினோம். கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலையாக நின்ற கசங்கின காகிதம் தீவாயிற்று. தென்னம்பாளை ஒன்று படகாயிற்று. ஆட்களுக்கு எங்கே போவது? குடிலில்தான் ஆட்களுக்குப் பஞ்சமில்லையே! எங்கள் வீட்டில் மூன்று ராஜாக்களையும் தூரத்தில் வைத்துத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரியில் வரும் அவர்கள் திருநாளன்று குழந்தை இயேசுவிடம் கொண்டுசேர்ப்பது வழக்கம். அலமாரி ஓரத்தில் பாதி வழியில் நின்ற அந்த மூவரும் தாடியும் கையில் பெட்டியுமாக அசல் கொள்ளைக்காரர்கள் போலவே இருந்தார்கள். ஒட்டகத்தோடு தீவில் இறக்கிவிட்டோம். படகோட்ட ஒருவர் வேண்டும். இடையனின் கோல் போன வருடமே ஒடிந்துபோயிருந்தது. கையில் கோலோடு மிச்சமிருந்தவர் குழந்தை இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர்தான். அவரைப் பாளையில் ஏற்றினோம்.

கூடையும் கையுமாக உள்ளே வந்த அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. கலைக்கலாமென்றால் வாசலில் மாமாவின் ரிக்‌ஷா வந்து நின்றுவிட்டது. “இருங்கடா, அவன் போவட்டும்” என்று எங்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். மாமா பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் மேஜையைச் சுற்றி வந்தார்.

“இன்னாக்கா, சூசையப்பரு லீவுலயும் வேலைக்குக் கெளம்பிட்டாரு” என்றார். அம்மா புடவையை உருவப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார். “வுடுக்கா, கொயந்திங்க ஆசையா செஞ்சிக்கீதுங்க. இதுலயே சாப்புடறேன்.”

மத்தியானம் அப்பாவும் வந்து சேர, தீவுக்கும் படகுக்கும் நடுவில் மாமாவின் தட்டு வந்து உட்கார்ந்தது. அம்மா வஞ்சிர வறுவலை எடுத்துவைத்து, இறால் தொக்கைத் தள்ளி, பேச்சைக் கப்பல் பக்கம் போகவிடாமல் என்னென்னவோ செய்துபார்த்தாள். மேஜை முழுக்கக் கடலை வைத்துக்கொண்டு பேச்சு வேறெங்கே போகும்? அண்ணன் ஒவ்வொரு கதையாக எடுத்துவிட்டான். கடைசியில், “இந்த மாரி தீவு எவ்ளோ பாத்து கீறீங்க மாமா?” என்று கேட்டே விட்டான். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

மாமா சிரித்தார். “நான் இஞ்சின் ரூம்ல கெடக்கறவன் ராஜா. தீவு வரும்போது நான் கீய ஆயில் வுட்டுகினு இருப்பேன். மேல வந்து பாத்தா தீவு தாண்டிப் பூட்டிருக்கும். கடலயே நான் சரியா பாத்ததில்ல.”

“அப்ப இன்னாத்துக்குடா போற?” என்றாள் அம்மா.

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “நீ ஊரெல்லாம் ‘என் தம்பி கப்பல்ல கீறான்’னு சொல்லிகினு கீற. இதுங்க கதை கேக்க காத்துகினு கீதுங்க. புடிக்கலன்னு எப்டிக்கா சொல்றது?”

அம்மா மாமாவுக்கு எதிரே காலியாக இருந்த விருந்தாளி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவள் அதில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை. கண் நிறைந்துவிட்டது, ஆனால் அதட்டல் எங்கள் பக்கம்தான் வந்தது. “மொதல்ல அவர எறக்குடா அருளு. கொயந்தய வுட்டுட்டு அவருக்கு இன்னா கடலு? வூட்டுக்குப் போவட்டும்.” பிறகு தம்பியைப் பார்க்காமலே, “பட்டறைல ஆள் கேக்கறாங்க. உங்க மச்சான் சொல்லி வெச்சிக்கீறாரு” என்றாள்.

அண்ணன் சூசையப்பரைக் கொண்டுபோய்க் குடிலில் நிறுத்தினான். “என்னிக்கு வர்ணும்னு கேட்டு சொல்லு மச்சான்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மாமா இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். கப்பல்கார மாமா கைவிட்டுப் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான்; ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது எங்கே போயிற்றோ தெரியவில்லை. குழாயடியில் அன்றைக்கே பேச்சு மாறிவிட்டது. “என் தம்பி இங்கியே கீறான்” என்று அதே கர்வத்தோடு சொன்னாள்.

அதற்குப் பிறகு மாமா பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்களைக் காசிமேட்டுக் கரைக்கு அழைத்துப்போய், “கப்பல்ல பாக்காததெல்லாம் பாத்துக்கறேன்” என்று வெயில் ஏறும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு.

புத்தகக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். மேஜையை, வீடு மாறியபோது யாருக்கோ கொடுத்துவிட்டோம். கரையைக் கடல் அரித்ததால் வரிசையாகப் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள். சாலையில் நின்றால் பல இடங்களில் கடல் தெரிவதில்லை. போன மாதம் மாமா கேட்டாரென்று ஆட்டோவில் அழைத்துப்போனேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லின்மேல் ஏறி நின்று நெடுநேரம் பார்த்தார். வயதாகிவிட்டது, சில நாள் எல்லாம் நினைவிருக்கும், சில நாள் இருக்காது.

“சரி, பாத்தாச்சு. வா போலாம்” என்று இறங்கினார். “அக்கா சோறு ஆக்கி வெச்சிகினு காத்துகினு இருக்கும்.”

அம்மா போய்ப் பல வருடமாகிறது. “ஆமா மாமா, நேரமாச்சு” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.