கெட்டித் தண்ணீர் நீச்சல்

நேற்று கல்லுப்பு மூட்டையைப் பிரித்தபோது வந்த ஈர வாடையில், மரக்காணத்துத் தகரக் கொட்டகை ஞாபகம் வந்தது. சுனாமிக்கு அடுத்த வருடம் எங்கள் பள்ளிக்கூடம் அங்கேதான் நடந்தது. சனிக்கிழமைகளில் ஒரு அக்கா டிவி கொண்டுவந்து பழைய ரஷ்யப் படங்களைப் போடுவார். பாஷை புரியாது. ஆனால் கறுப்பு வெள்ளைக் கடலில் ஒரு பெண் மல்லாந்து படுத்து, அலை ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கி, வானத்தைப் பார்த்துச் சிரிப்பது எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

உப்பளத்தில் வேலை செய்த அம்மா என்னைக் கடல் பக்கமே விடவில்லை. "நீச்சல் கத்துக்கினு வாடி, அப்புறம் போவலாம்" என்றாள். உப்பு விளைவதற்கு முன், வெயிலில் வற்றி உப்பேறிய கெட்டித் தண்ணீரைத் தேக்கும் பள்ளத்தில், கண் எரிய, கால் வெடிப்பெல்லாம் காந்த, மல்லாந்து படுத்துப் பார்த்தேன். முதல் நாளே மிதந்தேன். ஒரு வாரத்தில் நானும் ரஷ்யாக்காரி ஆகிவிட்டதாக நம்பினேன்.

அம்மாவைக் கூட்டிப்போய், அவள் கண்ணெதிரே கடலில் மல்லாந்தேன். அடுத்த அலையில் முழுகிவிட்டேன். அம்மா புடவையோடு இறங்கி, சடையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"உப்பு உன்னத் தூக்கிச்சுடி. நீ எங்க நீந்துன?"

கொட்டகையும் பள்ளமும் இப்போது இல்லை. பின்னால் ஆறாம் வகுப்பில், உப்புத் தண்ணீரில் முட்டை ஏன் மிதக்கிறது என்று டீச்சர் கேட்டபோது நான் மட்டும்தான் கை தூக்கினேன். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மா சொன்னதையே சொன்னேன். எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று டீச்சர் கேட்டார்.