கழுதைக்காரி ஸ்தாமுலா

என் அப்பாவின் அக்கா ஸ்தாமுலாவை, கிரேக்கத் தீவொன்றில் இருக்கும் எங்கள் ஊரான ஹல்கிதாவில் தெரியாதவர்கள் கிடையாது. கடைத்தெருவில் அவள் பேசினால் பாலத்துக்கு அந்தப் பக்கம் மீன் விற்பவன் பதில் சொல்வான். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். யார் வீட்டிலும் போய் ஒண்டிக்கொள்ளாமல் ஒரு கழுதையை வாங்கினாள். துணியும் ஊசியும் நூலும் ரிப்பனும் ஏற்றிக்கொண்டு, திர்ஃபி மலைக் கிராமங்களுக்குத் தனியாகப் போய் விற்க ஆரம்பித்தாள்.

எங்கள் கோட்டைத் தெரு யூதர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஜெப ஆலயத்தில் பெண்கள் உட்காரும் மாடத்தில் அவளைக் ‘கழுதைக்காரி’ என்று கிசுகிசுத்தார்கள். ஒருநாள் அது அவள் காதில் விழுந்தது. “என் கழுதை எனக்குச் சோறு போடுது. உன் வீட்டுக்காரர் உனக்குப் போடறாரா?” என்று கேட்டுவிட்டு ஜெபப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். ஆண்கள் பகுதியில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

இரண்டாம் உலகப் போர் வந்து முதலில் இத்தாலியர்கள் எங்கள் தீவைப் பிடித்தார்கள். பசி இருந்தது, ஆனால் எங்களை யாரும் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. நாற்பத்து மூன்றில் இத்தாலி விழுந்ததும் ஜெர்மானியர்கள் வந்தார்கள். அந்த வருஷ வசந்தத்தில் தெசலோனிகி நகர யூதர்களை ரயில் ரயிலாக ஏற்றி வடக்கே அனுப்பிய செய்தி அதற்குள் எங்களை எட்டியிருந்தது. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் திரும்பி வரவில்லை.

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா யோசிஃப் தையல்காரர். இயந்திரத்தை விட்டு எழாமலே பேசினார்.

“அக்கா, நாம என்ன நேத்து வந்தவங்களா? ரெண்டாயிரம் வருஷமா இந்த ஊர். அல்பேனியச் சண்டையில, பனியில, இந்த நாட்டுக்காகக் கால் விரலைக் குடுத்துட்டு வந்தவன் நான்.”

“விரலைக் குடுத்தே. இப்ப வந்திருக்கறவன் தலையைக் கேப்பான். எழுந்திரு.”

“என்னால மலை ஏற முடியுமா?”

“கழுதை இருக்கு.”

“கழுதை மேல உக்காந்து ஊரை விட்டு ஓடச் சொல்றியா? பாக்கறவன் சிரிப்பான்.”

“சிரிக்கட்டுமே. அதைக் கேக்க நீ உசுரோட இருப்பே.”

அப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். ஆனால் என்னையும் கைக்குழந்தையையும் அனுப்பச் சம்மதித்தார். என் கணவர் ஏற்கெனவே ஜெர்மானியரை எதிர்க்கும் போராளிகளோடு மலைக்குப் போயிருந்தார். வாசலில் அப்பா குழந்தையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பவர்போல அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

மலையில் வசீலோ என்ற ஆட்டுக்காரியின் கதவை அத்தை தட்டினாள்.

“வசீலோ, இந்தத் தடவை விக்க ஒண்ணும் கொண்டு வரலை. நீ வெச்சுக்கறதுக்குக் கொண்டு வந்திருக்கேன்.”

வசீலோ என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது அழுமா?”

“அழும்.”

“எங்க ஆடு அதைவிடக் கத்தும். உள்ள வா பொண்ணே, கால் நனைஞ்சிருக்கு பாரு.”

அவ்வளவுதான் பேச்சு. குளிர்காலம் முழுக்க அத்தை இறங்கிப் போய் ஒவ்வொரு குடும்பமாக மேலே கொண்டு வந்தாள். எந்த வீட்டில் இடம் இருக்கும், எந்தப் பெண் வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்று யோசித்து யோசித்துக் குடிவைத்தாள். அவளைப் பழித்தவர்களும் அந்தக் கழுதை முதுகில்தான் வந்து சேர்ந்தார்கள். அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கழுதையிடம் மட்டும், “பாத்து நட, பெரிய இடத்து அம்மா உக்காந்திருக்காங்க” என்றாள்.

மார்ச் மாதக் கடைசியில் ஒருநாள் அவள் வெறும் கழுதையோடு திரும்பினாள். ஊரில் மிச்சமிருந்த யூதர்களை ஜெர்மானியர்கள் வீடு வீடாகப் புகுந்து பிடித்துவிட்டார்கள். அப்பாவும் அதில் இருந்தார். பாலத்தைத் தாண்டி லாரியில் ஏதென்ஸுக்கு, அங்கிருந்து ரயில். பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள்: அப்பா தன் பழைய ராணுவ மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாராம். லாரியில் ஏற ஒருவர் கை நீட்டியபோது வேண்டாம் என்று தானே ஏறினாராம். இதைச் சொல்லும்போது அத்தை அழவில்லை. சேணத்தைக் கழற்றிவிட்டு, சுத்தமாக இருந்த கழுதையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்து வந்தது எங்கள் பாஸ்கா பண்டிகை. அதற்கென்று தனியாக ரொட்டி சுட வேண்டும்.

“இந்த வருஷம் வேண்டாம் அத்தை. யாருக்கு மனசு இருக்கு?” என்றேன்.

“ரீனா, உங்கப்பன் எங்க இருந்தாலும் இன்னிக்கு எந்த நாள்னு எண்ணிக்கிட்டிருப்பான். நாம விட்டுட்டா அவன் கூட யாரு இருக்கா?”

கோதுமை மாவு கண்ணில் படாத காலம். வசீலோ தங்கள் ஈஸ்டருக்கென்று ஒளித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்து, அடுப்பையும் மூட்டினாள். அத்தை மாவு பிசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பொறுக்கவில்லை.

“புளிச்ச மாவு சேக்கலையா?”

“கூடாது.”

“உப்பு?”

“அதுவும் இல்ல.”

“பின்ன எதுக்குத் தின்றீங்க இதை?”

“அடிமையா இருந்தவங்க தப்பிச்சு ஓடறப்ப அவசரத்துல சுட்ட ரொட்டி.”

வசீலோ அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். “அப்படின்னா எங்களுக்கும் ரெண்டு குடு” என்றாள்.

மே மாதத்தில் ரோந்து மலைக் கிராமங்கள் வரைக்கும் வர ஆரம்பித்தது. கிழக்குக் கரைக்குப் போனால் துருக்கிக்குப் படகு உண்டு என்று போராளிகள் சொல்லி அனுப்பினார்கள். நானும் இன்னும் இரண்டு குடும்பங்களும் கிளம்பினோம். அத்தை சரக்கு மூட்டையோடு நன்றாக முன்னால் போனாள். அவள் குரல் கேட்காதவரை வழி சரி. ‘ஊசி, நூல், ரிப்பன்’ என்று கூவினால் பதுங்கிக்கொள்ள வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஒரு ஊற்றை நெருங்கியபோது அவள் கூவினாள். நாங்கள் ஓடைப் பள்ளத்தில் இறங்கிப் படுத்தோம். நான் குழந்தையை மார்பில் அணைத்துக்கொண்டேன். ஜெர்மன் சிப்பாய்களோடு எங்கள் தீவைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் மொழிபெயர்க்க வந்திருந்தான். அத்தையின் குரல் மட்டும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் பேசியதை அவள் பிறகு சொன்னாள்.

“உன் ஊர் எது?” என்று கேட்டானாம்.

“நான் போகாத ஊர் ஏது? நீ யார் வீட்டுப் பிள்ளை?”

“கேள்வி நான்தான் கேப்பேன்.”

“அந்த மூக்கைப் பாத்தாலே தெரியுதே. மாவு மில் வீடுதானே? உங்கம்மா கல்யாணத்துக்குத் துணி கொண்டு வந்தவ நான். பத்து தடவை எடுத்துப் பாத்துட்டு வெள்ளையை எடுத்தா. நல்லா இருக்காளா? நீ இவங்க கூடச் சுத்தறது அவளுக்குத் தெரியுமா?”

அவள் யார் என்று அவனுக்குத் தெரியாமலிருக்க வழியில்லை. கழுதையோடு வரும் யூதப் பெண்ணைத் தீவு முழுக்க அறியும். ஒரு சொல் போதும். அதிகாரி ஏதோ கேட்டார். இளைஞன் தரையைப் பார்த்துக்கொண்டு சுருக்கமாக ஏதோ சொன்னான்; அந்த ஒரு சொல் அதில் இல்லை. ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவள் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தான். பிறகு கழுதையையும் மூட்டையையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நாங்கள் மேலேறி வந்தபோது அவள் ஊற்றில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். “கடிக்கற கழுதை. நல்லா அனுபவிக்கட்டும்” என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் படகு வந்தது. அவள் ஏறவில்லை.

“தோள் இப்படி வீங்கியிருக்கே அத்தை, வந்துடுங்க.”

“நடக்கறது காலால. மேல இன்னும் ஆளுங்க இருக்காங்க.”

நான் கெஞ்சினேன். அவள் குழந்தையின் உள்ளங்காலில் முத்தமிட்டுவிட்டு, தண்ணீரிலேயே நின்று படகைத் தள்ளிவிட்டாள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஜெர்மானியர்கள் போனார்கள். நான் திரும்பியபோது அத்தை எங்கள் வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தாள். அப்பா வரவில்லை. அவரோடு போனவர்களில் யாருமே வரவில்லை. ஏதென்ஸிலிருந்து கிளம்பிய அந்த ரயில் எங்கே போய் நின்றது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் எங்கள் ஊர் யூதர்களில் பெரும்பாலானவர்கள் பிழைத்தோம். கிரேக்க நாட்டில் பல ஊர்களால் இதைச் சொல்ல முடியாது. நான் தலை நிமிர்ந்து சொல்கிறேன்.

பிழைத்தவர்களிலும் பலர் பாலஸ்தீனத்துக்குக் கப்பலேறினார்கள். அத்தையையும் கூப்பிட்டார்கள். “எனக்குக் கப்பல் ஒத்துக்காது” என்று சொல்லி, வேறொரு கழுதை வாங்கினாள். முழங்கால் மடங்க மறுக்கும்வரை மலை ஏறினாள்.

அவளை அடக்கம் செய்த அன்று வசீலோவும் நான்கைந்து கிராமத்து ஆட்களும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் நுழைந்ததும் மலைக்காரர்கள் மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றினார்கள். எங்கள் வழக்கம் வேறு, போட்டுக்கொள்ளுங்கள் என்று எங்கள் மதகுருவான ரபி மெதுவாகச் சொன்னார். அவர்கள் மறுபடி அணிந்துகொண்டு, வரிசையாக வந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள்.