லிஃப்ட்காரரும் ஒற்றை லென்ஸும்

ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே, படியில் உட்கார்ந்துகொண்டு தன் வலது முழங்காலிடம் பேசிக்கொண்டிருக்கிறார் லிஃப்ட்காரர். "என்ன சொல்ற? இன்னும் நாலு மாடி தாங்குவியா, மாட்டியா?" முழங்கால் என்ன பதில் சொன்னதோ, பையை மறுபடி முதுகில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். சட்டைப் பையில் சின்ன நோட்டு, காதில் பென்சில். மாடிக்கு மாடி நின்று ஏதோ குறித்துக்கொள்கிறார்.

கட்டடத்தில் பதினோரு மாடி, இரண்டு லிஃப்ட். இரண்டையும் இருபத்துநாலு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர் இவர்தான். குடியிருப்பதும் அங்கேயே, மூன்றாம் மாடியில். இவர் படியேறினால் மற்றவர்களுக்கு லிஃப்ட் மேல் சந்தேகம் வந்துவிடும். லிஃப்டைக் கட்டிக் காக்கிற ஆளே படியில் போனால் அப்புறம் யார் அதில் கால் வைப்பார்கள்? ஐந்தாம் மாடி டீச்சரம்மா காய்கறிப் பையோடு மூச்சு வாங்கப் பின்னாலேயே ஏறி வந்து, "உண்மையச் சொல்லுங்க, கயிறு தேஞ்சு போச்சா?" என்று காதோடு காதாகக் கேட்டார். "கயிறெல்லாம் கல்லு மாதிரி இருக்கு டீச்சர். நான் மலைக்குப் போறேன், அதான் பழகறேன்" என்றார் இவர். டீச்சரம்மா துளியும் நம்பவில்லை. அந்த வாரம் பூரா பாதிக் கட்டடம் படியில்தான் ஏறி இறங்கியது.

வருஷத்துக்கு ஆறு நாள் லீவு எடுப்பார். ஆறும் மலைக்குத்தான். மரங்களெல்லாம் நின்றுபோகிற உயரத்தில், செங்குத்துப் பாறைகளில் மலையாடுகள் மேயும். அந்த ஆடுகளையும் அந்த மலையையும் படம் பிடிக்க வேண்டும், வேறு ஆசையே கிடையாது மனிதருக்கு. மிச்சமிருக்கிற முந்நூற்றுச் சொச்சம் நாளும் எதற்கு என்று கேட்டால், எந்த லென்ஸை எடுத்துக்கொண்டு போவது என்று யோசிப்பதற்கு.

கேமராவோடு வந்த சின்ன லென்ஸ் ஒன்று எப்போதும் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மற்றபடி மூன்று இருக்கின்றன. பெற்ற பெண்ணுக்குப் பெயர் வைக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டவர், இந்த மூன்றுக்கும் ஒரே மூச்சில் வைத்துவிட்டார். முழங்கை நீளத்துக்கு இருப்பது பீரங்கி. இரண்டு கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு. எதிர் மலையில் நிற்கிற ஆட்டின் தாடி மயிரைக்கூட எண்ணிவிடலாம். "ஆனா மலை வராதே. பக்கத்துத் தெரு ஆட்டைக் கூட்டிட்டு வந்து நிறுத்தி, மலையில எடுத்தேன்னு பொய் சொல்ற மாதிரி இருக்கும்" என்பார். அதற்கு வெளிச்சமும் நிறைய வேண்டும். ஆடு வெளியே வருவதோ விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும். "வெளிச்சம் இருக்கறப்ப ஆடு இருக்காது, ஆடு இருக்கறப்ப வெளிச்சம் இருக்காது. என்ன பண்றது சொல்லுங்க."

உள்ளங்கையில் அடங்குகிற அகன்ற லென்ஸ் விசாலம். மலை, மேகம், பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் வாரிக் கட்டிக்கொள்ளும். ஆடு மட்டும் கடுகாகிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்டது நடுவாந்திரம். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைச் சுளிப்பார். "எல்லாருக்கும் நல்லவரா இருக்கற மாமா மாதிரி அது. ஒரு அவசரத்துக்கு உதவாது."

இனி, அவர் முதுகுப் பையில் இருக்கிற இரும்பு விஷயம். படியேறிப் பழகும்போது லென்ஸ் எங்காவது சுவரில் இடித்துவிட்டால்? அதனால் நிஜ லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஏற மாட்டார். பட்டறையில் கிடக்கும் இரும்புத் துண்டுகளை அறுத்து, சமையலறைத் தராசில் வைத்து, அரத்தால் ராவி ராவி, ஒவ்வொரு லென்ஸுக்கும் எடைக்கு எடை ஒரு இரும்பு செய்து வைத்திருக்கிறார். பழைய குளியல் துண்டைச் சுற்றிப் பருமனையும் சரிசெய்து, அந்தந்த லென்ஸின் உறையிலேயே போட்டு முதுகில் ஏற்றுவார். ஏனப்பா இந்தக் கூத்து என்றால், தொழில் தர்மம் என்று பதில் வரும். "புது லிஃப்டுல ஆளை ஏத்தியா சோதிச்சுப் பாப்பாங்க? முதல்ல இரும்பு, அப்புறந்தான் மனுஷன்."

இத்தனை பாடுபட்டும் ஒரு வருஷமாவது சரியான லென்ஸ் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்றால், அதுதான் இல்லை. விசாலத்தோடு போன வருஷம் தூரத்துப் பாறையில் இரண்டு கிடாக்கள் அரை மணி நேரம் முட்டிக்கொண்டன. பீரங்கியோடு போன வருஷம் மலைக்கு மலை வானவில் பாலம் போட்டது. அதில் கால்வாசிதான் படத்தில் விழுந்தது. அந்தக் கால்வாசி வானவில் இன்றும் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, நாகரிகம் கருதி ஒன்றும் கேட்காமல் உட்காருவார்கள். ஊர் திரும்பியதும் மூன்று மாதத்துக்கு அவர் வாயில் ஒரே பல்லவி: "அந்த லென்ஸ் மட்டும் இருந்திருந்தா..."

இந்தப் பல்லவியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர் அவர் வீட்டம்மா. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜையில் இருக்கிறார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறவர்களையே வரிசையில் உட்காரவைக்கிற கை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை புருஷனோடு மலைக்குப் போனார். ஒரு கையில் குடை, ஒரு கையில் லென்ஸ் மூடிகள், கக்கத்தில் பை என்று பனியில் மூன்று மணி நேரம் நின்றார். ஆடும் பார்க்கவில்லை, மலையும் பார்க்கவில்லை, ஜலதோஷம்தான் மிச்சம். அதோடு மலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார்.

போன மாதம் மகள் வேலை கிடைத்து வெளியூர் போனாள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒருநாள் காலை காப்பியைக் கொடுத்துவிட்டு வீட்டம்மா சாதாரணமாகச் சொன்னார்: "இந்தத் தடவ நானும் வரேன்." லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கேட்க நினைத்து, கேட்கப் பயந்து, உள்ளேயே வைத்துக்கொண்டிருந்த ஆசை அது. காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டே நின்றார்.

"சிரிக்காதீங்க, ரெண்டு கண்டிஷன் இருக்கு" என்றார் வீட்டம்மா. "கேமராவோட கூட ஒரே ஒரு லென்ஸ்தான் எடுத்துட்டு வரணும். அதுவும் உங்க முதுகுல. ரெண்டாவது, அங்க வந்து அந்த லென்ஸ் இருந்திருந்தா, இந்த லென்ஸ் இருந்திருந்தான்னு ஆரம்பிச்சீங்க, அடுத்த பஸ்ல நான் மலை இறங்கிடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் கூப்பிடாதீங்க."

சொன்னால் சொன்னதுதான் அந்தம்மா. இவருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை. மூன்று இரும்பையும் மாற்றி மாற்றித் தூக்கிப் படியேறினார். கண்டவர்களிடமெல்லாம் யோசனை கேட்டார். ஒருநாள் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார். இவர் கதவின் இடுக்கில் வாயை வைத்து, "பதறாதீங்க சார், ரெண்டு நிமிஷம். ஒரு சந்தேகம். உங்களுக்கு ஆடு பாக்கப் பிடிக்குமா, மலை பாக்கப் பிடிக்குமா?" என்றார். "எனக்கு வெளிய வந்தாப் போதும்யா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். கதவைத் திறந்து அவரை வெளியே விட்டுவிட்டு, வெளியே என்றால் மலைதான் என்று நோட்டை எடுத்து விசாலத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

கடைசியில் கோடுகள் எல்லாம் விசாலத்துக்கே விழுந்தும், அவர் எடுத்தது பீரங்கியை. டீச்சரம்மாவிடம் மட்டும் காரணத்தைச் சொன்னார். "மலைய அவளே கண்ணால பாத்துக்குவா டீச்சர். ஆட்டோட கண்ணு எப்படியிருக்கும்னு காட்ட பீரங்கியாலதான் முடியும். கல்யாணமான புதுசுல வந்தப்ப அவ ஒண்ணுமே பாக்கல."

கிளம்புகிற அன்று காலை, மனது கேட்காமல் கடைசியாக ஒரு தடவை படியேறிப் பார்த்தார். முழங்கால் முணுமுணுக்கவில்லை. இறங்கி வந்து பையைக் கதவோரம் வைத்ததும் கீழே கார் வந்து ஹாரன் அடித்தது. பையை அப்படியே மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.

மலையில் இரண்டாம் நாள் காலை. நல்ல வெயில், நல்ல காற்று. அவர் வழக்கமாக உட்காருகிற பாறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கேமரா அவர் கழுத்தில். எதிர்ச் சரிவில் ஒவ்வொன்றாக மலையாடுகள் இறங்கின. பதினாலு. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டி, கல்லுக்குக் கல் தாவிக்கொண்டு. வீட்டம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். "எங்கங்க அதோட கண்ணு? இங்கேருந்து ஒண்ணும் தெரியலையே."

இந்தக் கேள்விக்காகத்தானே வந்தார். பையைத் திறந்து பீரங்கியின் உறையை எடுத்தார், சுருக்கை அவிழ்த்தார், துண்டை விலக்கினார். உள்ளேயிருந்து வழவழவென்று ராவிய இரும்பு வெயிலில் மின்னியது.

கிளம்பிய அன்று காலை படியேறியது இரும்போடு. நிஜப் பீரங்கி வீட்டு அலமாரியில் சுகமாகப் படுத்திருக்கிறது.

வீட்டம்மா இரும்பைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ஆடுகள் ஓடிவிடக் கூடாதே என்று சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ரெண்டு கிலோ இரும்பு. நூத்தி எண்பது மைல். அடப் பாவி மனுஷா."

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. உதடு லேசாக அசைந்தது. பல்லவி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வீட்டம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தார். அவர் எச்சிலை விழுங்கினார். வார்த்தையும் கூடவே உள்ளே போயிற்று.

"எப்பவும் மலையா ஆடான்னு அடிச்சுக்குவீங்களே, இந்தத் தடவ எதுக்கு இதயே எடுத்தீங்க?" என்று கேட்டார் வீட்டம்மா.

"உனக்குக் காட்டத்தான்" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது, ஐம்பத்திரண்டு வயது மனிதர்.

வீட்டம்மா கையை ஊன்றி எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகினார். "அப்ப நாமளே கொஞ்சம் கிட்டப் போவோம். லென்ஸ் இல்லன்னா என்ன, கால் இருக்கில்ல."

"பாதையே கிடையாது. எல்லாம் கல்லு" என்றார் இவர். இத்தனை வருஷத்தில் அந்தப் பாறையைத் தாண்டி அவர் ஒரு எட்டுக்கூட வைத்ததில்லை. பீரங்கி இருக்கிறவன் எதற்கு நடக்க வேண்டும்?

"பதினோரு மாடி எதுக்கு ஏறினீங்க?"

சொல்லிவிட்டு அந்தம்மா மெல்ல, சத்தமில்லாமல், ஆடுகளுக்குப் பக்கவாட்டில் வளைந்து போகிற கற்களில் இறங்க ஆரம்பித்தார். பத்தடி போய்த் திரும்பி, வாங்க என்று கண்ணால் கூப்பிட்டார். லிஃப்ட்காரர் தட்டுத் தடுமாறி எட்டிப் பிடித்தார். குட்டி இப்போது நன்றாகவே தெரிந்தது. ஒரு கல்லின் மேல் நாலு காலையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு இவர்களையே பார்த்து நின்றது.

அவர் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினார். பெற்ற மகள்கூட இன்றுவரை தொட்டதில்லை அந்தக் கேமராவை. அதை மனைவியின் கழுத்தில் மாட்டினார். அது அந்தம்மாவின் இடுப்புக்குக் கீழே போய்த் தொங்கியது. வாங்கிய நாளிலிருந்து அவர் உயரத்துக்கே இருந்த வார். லிஃப்ட்காரர் குனிந்து, கொக்கியை நகர்த்தி, வாரை வீட்டம்மாவின் அளவுக்குச் சுருக்கி இறுக்கினார்.