முட்டுவலியை விசாரித்த காலை

தென்காசியில் நான் வேலை பார்த்த கடையை, வயதாகிவிட்டது என்று முதலாளி மூடிவிட்டார். ஜன்னலுக்கும் கதவுக்கும் துணித்திரை தைக்கிற கடை. எங்கள் பக்கம் அதை ஸ்கிரீன் என்றுதான் சொல்வார்கள். மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் போட்டேன். மெஷின் வந்ததே தவிர வேலை வரவில்லை. கடை இருந்தவரை வருகிறவர்களிடம் பேசுவது முதலாளியின் பாடு, தைப்பது என் பாடு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். புது ஆளிடம் வாய் வராது; போனில் பேசுவதென்றாலும் மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். டீக்கடையில் சர்க்கரை போட மறந்துவிட்டால்கூடச் சொல்லாமல் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

என் மனைவியின் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். "அத்தான், ஒங்களுக்கு ஒரு எடம் சொல்லி வச்சிருக்கேன். குத்தாலத்துல சாரல் விழுகதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க" என்று போனில் சொன்னான். போனால் அங்கே ஒரு அறையில் தனியாக இருக்க வேண்டும். மனைவியும் மகளும் இங்கே. எனக்கு மனமில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு இங்கே கையில் வேலை இருக்க வேண்டுமே.

கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் வழி காட்டினாள்.

"நீங்க யார்ட்டயும் போய்ப் பேச வேண்டாம்ப்பா. முதல்ல யாருக்கு ஸ்கிரீன் தேவைன்னு பாருங்க. ஃபேஸ்புக்ல எல்லாம் கெடக்கு."

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் லாட்ஜ் அறையில் எடுத்த படங்களைப் போடுகிறார்கள். மற்றவர்கள் அதில் முகத்தைப் பார்ப்பார்கள். நான் முகங்களுக்குப் பின்னால் தொங்குவதைப் பார்க்க ஆரம்பித்தேன். விரலால் பெரிதாக்கினால் எல்லாம் தெரிந்தது. ஒரு லாட்ஜில் வளையம் போன இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. இன்னொன்றில் சாயம் வெளுத்து, மடிப்புக்குள் மட்டும் பழைய பச்சை மிச்சமிருந்தது. ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் ஸ்கிரீன் ஜன்னலுக்கு ஒரு சாண் குறைவாக நின்றது. விடியும்போதே வெயில் முகத்தில் அடித்து எழுப்பிவிட்டது என்று அதில் தங்கியவர் எழுதியிருந்தார்.

அந்தப் படத்திலிருந்து லாட்ஜ் உரிமையாளரின் பக்கத்துக்குப் போனேன். பெரியவர். எதையும் ஒளிக்காமல் போடுகிறவர். காலையில் குடித்த காபி, பேத்திக்குக் காது குத்தியது, திருநெல்வேலியில் முட்டு ஆபரேஷன் செய்துகொண்டு கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தது, சுவரைப் பிடித்து நின்றது, பிறகு கம்பூன்றி நடந்தது. தினமும் சாயங்காலம் பார்ப்பேன். அவர் நடந்த படம் வந்த அன்று, எங்கள் வீட்டில் யாரோ எழுந்து நடந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அவருக்கு ஒரு செய்தி அனுப்ப முடியவில்லை. 'வணக்கம்' என்று அடிப்பேன், அழித்துவிடுவேன்.

இது இப்படியிருக்க, வைகாசி பிறந்தது. போன சீசனில் ஐந்தருவிக்குக் கீழே ஓடையில் கால் நனைக்கப்போய், உடைந்த பாட்டில் கிழித்து என் மனைவி தையல் போட்டுக்கொண்டு வந்தாள். குடித்துவிட்டுப் போட்டவனை நான் வீட்டில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தேன்.

"திட்டுனா பாட்டில் எந்திரிச்சுப் போயிருமா? தண்ணி வர்றதுக்கு முன்ன நாமளே போய்ப் பொறுக்கிருவோம்" என்றாள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் உரச்சாக்குகளும் கையுறையும், சாக்கு வாயைக் கட்டச் சணல் கயிறும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்குக்கூட இல்லை. பாறை இடுக்கெல்லாம் ஷாம்பு பாக்கெட், எண்ணெய் பாட்டில், பிஸ்கட் காகிதம். மண்ணில் புதைந்திருந்த ஒரு துணியை என் மனைவி இழுத்தாள். முழுசாக ஒரு பேண்ட் வந்தது.

"ஏட்டி, இங்கன பாரு! இதை விட்டுட்டு அந்த மனுசன் எப்படிட்டி வீடு போய்ச் சேர்ந்தான்?"

"பஸ்ல நின்னுட்டே போயிருப்பாரும்மா" என்றாள் மகள்.

நான் சிரித்தபடி நிமிர்ந்தபோது கரையில் ஒருவர் கம்பூன்றி வந்துகொண்டிருந்தார். தினமும் பார்த்த முகம். அவருக்கு என்னைத் தெரியாது என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

"அண்ணாச்சி, முட்டுவலி தேவலையா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நின்றார். "தேவலை தம்பி. நடக்கச் சொல்லுதாவ. படி ஏறத்தான் முடியலை." பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஆளு பிடிபடலியே. இலத்தூர்ப் பக்கமா?"

என் மனைவி ஓடையிலிருந்து, "ஆமா, நான் பொறந்த ஊரு இலத்தூர்தான்" என்றாள். அவள் பிறந்தது நிஜமாகவே அங்கேதான்.

"அதான பாத்தேன்! எங்க சித்தப்பா வகையறா பூரா அங்கனதான். அப்ப நீ எனக்கு மக மொறை, இவரு மாப்பிள்ளை. ரோட்டுல பாத்தா மொகத்தைத் திருப்பிட்டுப் போற காலத்துல நின்னு கால்வலியை விசாரிக்கீரே! வாரும், காபி குடிச்சிட்டுப் போகலாம்."

சாக்குகளை லாட்ஜ் வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போனோம். அவர் காபி சொல்லப் போனதும் என் மனைவி காதருகே வந்தாள்.

"எந்தச் சித்தப்பா?"

"எனக்கு என்ன தெரியும்?"

"பெறவு எப்படி முட்டுவலியைக் கேட்டிய?"

"ஃபேஸ்புக்ல பாத்தேன். ஒரு சாண் கொறஞ்ச ஸ்கிரீன் இவரு லாட்ஜ்தான்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. "அவராத்தான மாப்பிள்ளைன்னாரு? அப்படியே இருந்துட்டுப் போங்க. ஆர்டர் கெடைச்சா திருப்பூர் போக வேண்டாம்லா."

காபி வந்தது. சாரலுக்கு முன்னால் வெள்ளையடித்து எல்லா ஸ்கிரீனையும் மாற்ற வேண்டும் என்று அவராகவே பேச்சை எடுத்தார். என் மனைவி என் காலை மிதித்தாள். நான் காலை இழுத்துக்கொண்டதும் அவளே சொன்னாள்: "இவிய ஸ்கிரீன்தான் தைக்காவ."

பெரியவரின் முகத்தில் இருந்த வெளிச்சம் குறைந்தது. "அப்படியா? நல்லது. பாப்போம் மாப்பிள்ளை, பெறவு பேசுவோம்" என்றார். உடனே இந்த வருஷம் மாங்காய்க் காய்ப்பு எப்படி என்று பேசப் போய்விட்டார்.

'பாப்போம்' என்றால் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆர்டர் போய்விட்டது. இல்லாத உறவு மட்டும் மிச்சமிருந்தது. அந்த உறவை வைத்துக்கொண்டு அவருடைய காபியைக் குடிப்பது சரியாகப் படவில்லை. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அண்ணாச்சி, நாங்க ஒங்களுக்குச் சொந்தம் இல்லை. ஒங்க கால் படத்தை ஃபேஸ்புக்ல பாத்தேன். லாட்ஜுக்கு ஸ்கிரீன் வேலை இருக்கான்னுதான் பாத்தேன். பாத்துப் பாத்துத் தெரிஞ்சவிய மாதிரி ஆயிட்டு. அதான் கேட்டுட்டேன்."

அவர் போனை எடுத்துத் தன் பக்கத்தையே தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இதை யார் வேணாலும் பாக்கலாமோ?"

"பப்ளிக்ல போட்டிருக்கிய தாத்தா. ஊரே பாத்திருக்கும்" என்றாள் மகள்.

"ஊரே பாத்துச்சு. நேர்ல ஒருத்தன் வந்து கேக்கலையே" என்றார் மெதுவாக. போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சொந்தம் இல்லேங்கது உறுதிதானா?"

"உறுதிதான் அண்ணாச்சி."

"பெறவு ஏன்வே இவ்வளவு நேரம் மாப்பிள்ளையா உக்காந்திருந்தீரு? இங்க தொங்குதே, இதைத் தைச்சவன் என் மச்சினன். ஒரு சாண் கொறைச்சுட்டான். ஒரு வார்த்தை கேக்க முடியலை. கேட்டா எனக்கு வீட்டுல சோறு கெடைக்காது. இனி சொந்தத்துல ஒரு வேலையும் குடுக்கக் கூடாதுன்னு இருக்கேன். நீரு கொறைச்சா நான் சத்தம் போடலாம்லா?"

"போடலாம்" என்றேன்.

"அப்ப வாரும் டெய்லரே. மொதல்ல ஒரு ரூமைத் தையும். பாத்துட்டு மத்ததைச் சொல்லுதேன்."

அறையைத் திறந்துவிட்டார். படத்தில் பார்த்த அதே ஜன்னல், அதே வெயில். அளக்கலாம் என்று சட்டைப்பையைத் தொட்டபோதுதான் டேப் இல்லை என்பது தெரிந்தது. நான் வந்தது குப்பை பொறுக்க. வாசலுக்கு வந்து சணல் கயிற்றை எடுத்துப் போனேன். கம்பியிலிருந்து கீழ்ச்சுவர்வரை பிடித்து ஒரு முடிச்சு, அகலத்துக்கு இன்னொரு முடிச்சு. சாண் குறையக் கூடாது என்று மேலிருந்து கீழ்வரை உள்ள நீளத்தை மறுபடி பிடித்துப் பார்க்க மகளிடம் சொன்னேன்.

கயிறு அளவாகிச் சட்டைப்பைக்குள் போய்விட்டதால் சாக்குக் கட்ட மிஞ்சவில்லை. குப்பை வண்டி நிற்கும் இடம்வரை ஆளுக்கொரு சாக்கின் வாயைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தோம். என் மனைவியின் சாக்கிலிருந்து அந்தப் பேண்டின் ஒரு கால் வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது.

"என்னைப் பாக்காதிய. கயிறு பத்திரம், முடிச்சு அவுந்துறப் போகுது" என்றாள்.

நான் சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது திருப்பூருக்கு நானே போன் போட்டேன். "அந்த எடத்தை வேற யாருக்காச்சும் குடுத்துரச் சொல்லு" என்றேன். என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை.