உப்பைத் தவிர எல்லாம் எங்கள் காடு

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். அதனால் என்ன குறைந்துவிட்டது? பேரையூர்ப் பக்கம் வந்து, கருவேலங்காட்டுக்கு நடுவில் பச்சையாகத் தெரிகிற நாலு ஏக்கர் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். ஆடு மேய்க்கிறவர்கூட என் வீட்டுப் பக்கம் கையைக் காட்டுவார்.

பதினோரு வயதில் மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு ஓரத்து டீக்கடையில் கிளாஸ் கழுவினவன் நான். அப்புறம் மூட்டை தூக்கினேன். அப்புறம் காய்கறி வண்டி தள்ளினேன். இந்த நாலு ஏக்கரை நான் வாங்கியபோது, "கல்லுக்கு வேலி போடப் போறான் பாரு" என்று சிரித்தார்கள். நானும் என் சம்சாரமும் இரண்டு வருடம் கல் பொறுக்கினோம். பொறுக்கின கல்லையே அஸ்திவாரத்தில் போட்டு வீடும் கட்டினேன். சிரித்தவர்கள் எல்லாம் இப்போது என் கிணற்றில்தான் குடிதண்ணீர் எடுக்கிறார்கள்.

எங்கள் பக்கம் புஞ்சையைக் காடு என்றுதான் சொல்வோம். என் காட்டில் விளையாதது எது? சோற்றுக்குக் குதிரைவாலி, கூழுக்குக் கம்பு. துவரை, தட்டைப்பயறு, உளுந்து மூன்றும் உண்டு. எள்ளைச் செக்கில் கொடுத்து ஆட்டினால் வருடம் முழுவதற்கும் எண்ணெய். மிளகாய் எங்களது, புளி எங்கள் மரம், தயிரும் நெய்யும் எங்கள் எருமை. உப்பைத் தவிர எதுவும் கடையில் வாங்குவதில்லை என்று, புதன்கிழமை காய் கொண்டுபோகும்போதெல்லாம் மதுரைச் சந்தையில் சொல்லிவிட்டுத்தான் வருவேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

இந்தப் பேச்சுத்தான் போன வருடம் ஒரு வரனைக் கெடுத்தது. கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகள் எனக்கு. பட்டம் படித்தவள். படித்து முடித்ததும் காட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து உட்கார்ந்தாள். அடுப்பும் அவள் கையில்தான். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "நீங்க டவுன்ல திங்கிறது அரிசியா? சுண்ணாம்பு. எங்க வீட்டு எருமைகூட அதத் தொடாது" என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மகள் அதற்கு வருத்தப்படவில்லை. அந்தப் பையன் முகத்தை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

ஆனால் போன தை மாதம் வந்த வரன் அப்படி இல்லை. மதுரை காளவாசலில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பையன். எங்கள் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் ஒருமுறை போய்விட்டது. உள்ளூர் மெக்கானிக்குகள் இரண்டு பேர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். சந்தையில் விசாரித்து இவனை நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அரை நாளில் சரி பண்ணினான். சாப்பிடச் சொன்னோம், அவசரம் என்று ஒரு சொம்பு மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனான். நான் அறிந்தது அம்புட்டுத்தான். ஒரு மாதம் கழித்து அவன் வீட்டில் இருந்து பெண் கேட்கிறார்கள் என்றாள் என் சம்சாரம். "ஒங்க மகளுக்கும் சம்மதம். இவன விட்டா வேற மாப்பிள்ளை பாக்க வேணாம்னு சொல்லிட்டா" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பார்த்துக் கூட்டி வந்த பையன்! யாருடைய கண்ணு இது!

அவர்கள் வருகிற அன்று காலையில் மகள் என் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாளு மட்டும் பெருமை பேசாதீங்க."

"நான் எப்பம்மா பேசினேன்?"

"அப்பா."

"சரி சரி. வாயவே தெறக்க மாட்டேன். போதுமா?"

சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடிய நாளா அது! குதிரைவாலிச் சோறு, தட்டைப்பயறும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு, மொச்சைப் பொரியல், கொள்ளு ரசம், முருங்கைக்கீரை, எருமைத் தயிர். வந்ததும் கொடுக்கக் கருப்பட்டிப் பணியாரம் தனியாக. நல்லெண்ணெய் வாசம் கிணற்றடி வரைக்கும் வந்தது. நான் பத்துத் தடவை அடுப்படிக்குப் போய்ப் பத்துத் தடவையும் விரட்டப்பட்டேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் பக்கம் பலகாரம் காபியோடு எழுந்துவிடுவார்கள். அந்த வீட்டுச் சோற்றில் கை நனைத்தால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். அதனால் முடிவு சொல்லாமல் அவர்கள் சாப்பிட மாட்டார்கள். நாமும் அதற்கு முன்னால் இலை போடக் கூடாது. எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் ஒன்றரை மணி நேரம் பயணம் பண்ணி உச்சி வெயிலில் வருகிறவர்களைக் காய்ந்த வயிற்றோடு எப்படி அனுப்புவது? டீக்கடை வாசலில் அடுத்தவன் வாயைப் பார்த்து நின்ற வயிறு இது. மகள் வாயைத் திறக்காதே என்றுதானே சொன்னாள்? இலையை விரிக்காதே என்று சொல்லவில்லையே! நானே போய் வாழையிலை அறுத்து வந்து, கழுவி, நடு வீட்டில் வரிசையாக ஆறு இலை போட்டு, பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பும் வைத்தேன். பெண்கள் இருவரும் அடுப்படியில் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

வந்தவர்கள் மூன்றே பேர். பையன், அவன் அம்மா, அம்மாவின் தம்பி. பையனுக்குத் தகப்பனார் இல்லை. தாய்மாமன் சொன்னால் சொன்னதுதான். அந்த மாமன் காளவாசலில் மெஸ் நடத்துகிறவர். பெரிய மீசை. வெளியே வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார வைத்தோம். அடுப்படியின் பின்வாசல் வழியாகப் பணியாரம் வந்தது. மாமன் ஒன்றை எடுத்தார். இரண்டாவதையும் எடுத்தார். மூன்றாவதையும் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில் எனக்குக் கழுத்து நரம்பே புடைத்துவிட்டது.

மகள் வந்து கும்பிட்டாள். பையன் தரையைப் பார்த்தான். பையனின் அம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது மாமன், "வீட்டப் பாக்கலாமாண்ணே?" என்று எழுந்தார். எனக்குச் சந்தோஷம். நான் பொறுக்கின கல்லில் கட்டின வீடு ஆயிற்றே! முன்னால் போய்க் கதவைத் தள்ளினேன்.

ஆறு இலையும் பளபளவென்று கிடந்தன.

மாமன் வாசலிலேயே நின்றுவிட்டார். மீசை மட்டும் அசைந்தது.

"என்னண்ணே இது? நாங்க இன்னும் ஒரு வார்த்த சொல்லல. அதுக்குள்ள இலையப் போட்டு மடக்கப் பாக்குறீங்களா?"

"அய்யோ அப்பிடி இல்லண்ணே, வெயில்ல வந்தவக..."

"அக்கா, கெளம்பு" என்றார் அவர் பின்னால் திரும்பி. "போயிட்டுத் தகவல் சொல்லுவோம்."

தகவல் சொல்கிறோம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். போன வருடம் வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். என் சம்சாரம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சும்மா பார்த்தாள். அறுபத்தாறு வயதில், என்னைப் பார்த்துச் சிரித்த எல்லாரையும் ஜெயித்தவன், ஆறு வாழையிலையால் மகள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே!

அப்போதுதான் பையன் வாயைத் திறந்தான்.

"மாமா, நான் இந்த வீட்ல கை நனச்சுட்டேன்."

"என்னடா ஒளறுற? எப்ப?"

"மோட்டார் பாக்க வந்தப்ப."

"மோர் குடிச்சேன்னு சொன்ன. மோரெல்லாம் கணக்குல வராது."

"அது மொத தடவ மாமா. அதுக்கப்புறம் வந்தப்ப சோறு."

"அதுக்கப்புறமா? எத்தன தடவடா வந்த?"

பையன் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "நாலு" என்றான்.

"நாலா!" என்று கத்தினது மாமன் இல்லை, நான். "எங்க மோட்டாரு அன்னைக்கு ஒரு தடவ நின்னதோட சரி! அப்புறம் ஒரு நாளு மக்கர் பண்ணலயே!"

என் சம்சாரம் என் முழங்கையைக் கிள்ளினாள். நான் பொழுது விடிந்ததில் இருந்து பொழுது சாய்கிற வரை சந்தையில் கிடக்கிறது வாரத்தில் ஒரே நாள், புதன்கிழமை. அவள் முகத்தைப் பார்த்ததும், வந்த நாலு நாளும் என்ன கிழமை என்று எனக்கே விளங்கிவிட்டது.

பையனின் அம்மா இடுப்பில் கையை வைத்தார். "ஏண்டா, புதங்கெழமையானா ராத்திரி பசிக்கலம்மான்னு படுத்துக்கிட்டது இதுக்குத்தானா? வயித்துல புண்ணுன்னு நெனச்சு நான் ஒனக்குக் கசாயம் வேற வச்சுக் குடுத்தேன்!"

"குடிச்சேன்லம்மா" என்றான் பையன் பாவமாக.

மாமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மீசைக்குள் அடக்கிக்கொண்டார். "அப்பிடி என்னத்தடா சாப்ட்ட? எம் மெஸ்ல இல்லாதது?"

பையன் சொல்ல ஆரம்பித்தான் பாருங்கள்! "குதிரைவாலிச் சோறு மாமா. நம்ம மெஸ்ல களியாப் போச்சுன்னு நிறுத்துனமே, அதே குதிரைவாலி. இங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருந்துச்சு. அதுல தட்டப்பயத்துக் குழம்பு. ரெண்டாவது நாளு கம்பஞ்சோறும் மோரும். மூணாவது நாளு..." என்று இலை இலையாகச் சொல்லிக்கொண்டே போனான். என் வீட்டுச் சோற்றைப் பற்றி நான் பேசக் கூடாது என்று சத்தியம் பண்ணியிருந்த நாளில், அடுத்தவன் வாயால் அதைக் கேட்டது இருக்கிறதே, அந்தச் சுகத்தை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

மெஸ்காரருக்கு அந்தக் களி விஷயம் உறுத்திவிட்டது. மகள் பக்கம் திரும்பினார்.

"எப்பிடிம்மா ஒட்டாம வருது?"

"தண்ணி நல்லாக் கொதிச்சப்புறம் போடணும். முக்காவாசி வெந்ததும் வெறக இழுத்துட்டுத் தணல்ல விட்டுரணும். கிண்டவே கூடாது. மூடியவும் தெறக்கக் கூடாது."

"நாங்க கிண்டுவோம்" என்றார் அவர், தனக்குத்தானே சொல்வதுபோல.

நேராக அடுப்படிக்குப் போனார். ரசச் சட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "உப்பத் தவிர எல்லாம் எங்க காடுன்னு சந்தையில சொல்லிக்கிட்டுத் திரியிறீங்களாம்? எங்க மெஸ்ஸுக்குக் காய் போடுற ஆளு வரைக்கும் சொல்றான்" என்றார்.

"ஆமாண்ணே." ஒரே வார்த்தைதான் சொன்னேன்.

"அப்பச் சீரகம் எந்த மூலையில போட்டிருக்கீங்க?"

நாற்பது வருடம் சந்தையில் நின்றிருக்கிறேன், ஒருவரும் என்னை இப்படி மடக்கியதில்லை. சீரகம் நம் மண்ணில் எங்கே வரும்?

மகள் பட்டென்று சொன்னாள்: "சீரகம், மெளகு, கடுகு, பெருங்காயம் எல்லாம் ஆரப்பாளையத்துல வாங்குறதுதான். கருப்பட்டியும் கடையிலதான். அப்பாவ அனுப்பித்தான் வாங்குறோம். வாங்கிட்டு வந்து மறந்துருவாரு."

"அதெல்லாம் உப்போட சேத்திம்மா!" என்றேன் நான்.

மாமன் சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தார். அக்கா மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் பார்த்தேன், என் சம்சாரமும் பார்த்தாள். பையன் மட்டும் அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமன் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்தார்.

"கை கழுவத் தண்ணி எங்கம்மா இருக்கு?" என்று என் மகளிடம் கேட்டார்.

சொம்பில் தண்ணீர் இருந்தது. மகளும் அதை எடுக்கத்தான் குனிந்தாள். ஆனால் அது போதுமா? அந்தக் கேள்விக்குச் சொம்புத் தண்ணீரா பதில்? "இந்தா வாரேன்!" என்று கிணற்றடிக்கு ஓடினேன். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது. சுவிட்சைத் தட்டினேன். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை என் மோட்டார். குழாய் வாய் நிறையத் தண்ணீர் தொட்டியில் விழுந்து நாலு பக்கமும் தெறித்தது. என் வேட்டி நனைந்தது, பின்னாலேயே வந்த மாமனின் மீசையும் நனைந்தது.

அவர் இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டார். நிதானமாகக் கழுவினார். நிமிர்ந்து, தூரத்தில் என் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பையனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"மோட்டாரு நல்லாத்தானடா ஓடுது மாப்ள!"

"நம்ம மோட்டாருண்ணே!" என்றேன் நான். பெருமைதான். அவர் கை நனைந்துவிட்டது, இனிமேல் எனக்கு யார் என்ன சொல்ல முடியும்?